புலியிடம் திரும்பிச் சென்ற பசு

கர்நாடகத்தில் பிறந்து வளர்ந்த எவரிடமும் 'புண்யகோடி' என்ற பெயரைச் சொன்னால் போதும். வயது எண்பதானாலும் முகம் குழந்தை முகமாகிவிடும். அந்நாட்டுத் தாய்மாரும் பாட்டிமாரும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் 'கோவின ஹாடு' என்னும் கதைப்பாட்டின் நாயகி அவள். 'பசுவின் பாட்டு' என்பது அத்தலைப்பின் பொருள். இன்னார் இயற்றியது என்று பெயர் சுட்டப்படாத நாட்டுப்பாடல் இது. தொட்டிலோரத்திலும் திண்ணையிலும் வாழ்ந்த அந்தப் பாட்டு, பின்னர் அச்சேறிப் பள்ளிப் பாடநூலிலும் புகுந்தது. நீண்ட வடிவம் ஒன்று உண்டு. சிறுவர்க்கெனச் சுருக்கிய வடிவமும் உண்டு.

வீரத்தைப் பாடும் பாட்டென்றால் யானையும் சிங்கமும் வருவது வழக்கம். இங்கே வருவதோ கொம்பிருந்தும் எவரையும் முட்டியறியாத ஒரு கறவைப் பசு. அவள் யாரையும் வெல்லவில்லை. ஓடித் தப்பவும் இல்லை. சொன்ன சொல்லின்படி திரும்பி நடந்தாள், அவ்வளவுதான். ஆனால் அந்த நடைக்குள் எத்தனை பாரம் அடங்கியிருக்கிறது என்பதைப் பாட்டை நிதானமாகக் கேட்டவர்களே அறிவர்.

காளிங்கன் என்பவன் ஓர் இடையன். விடியலில் எழுந்து நீராடி, நெற்றிக்குத் திலகமிட்டு, மாமரத்தடியில் அமர்ந்து குழலூதுவான். தன் பசுக்களைப் பெயர் சொல்லி அழைப்பான். கங்கை, கௌரி, துங்கபத்திரை, புண்யகோடி என்று அவன் அழைக்கும் பெயர்களில் பாதி ஆறுகளின் பெயர்கள். தமிழகத்து வீடுகளிலும் லட்சுமி, காமாட்சி, கங்கா என்றுதானே பசுவை அழைக்கிறோம். அழைத்த குரலுக்கு ஒவ்வொன்றாக ஓடி வந்து பாலைச் சொரிந்து குடங்களை நிறைக்கும் அந்தப் பசுக்கூட்டத்தைப் பாட்டு ஆற அமரப் பாடுகிறது. கேட்பவர் அந்தத் தொழுவத்தின் வாசனைக்குப் பழகிவிட வேண்டும் என்பது பாடியவரின் எண்ணம் போலும். பின்னால் அந்தத் தொழுவத்தில்தான் எல்லாம் நடக்கப்போகிறது.

மலைக்குகையில் அர்புதன் என்றொரு புலி. நாள்கணக்கில் இரை கிடைக்காத பசி. உறுமிக்கொண்டு அது பாய்ந்ததும் மந்தை சிதறி ஓடிவிடுகிறது. வீட்டில் காத்திருக்கும் கன்றின் நினைவோடு தனியே வந்த புண்யகோடி வழியில் அகப்பட்டுக்கொள்கிறாள். உயிர்ப்பிச்சை கேட்கவில்லை அவள். கன்று பசித்திருக்கிறது, ஒருமுறை பாலூட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன் என்று தவணை மட்டும் கேட்கிறாள். புலி நம்ப மறுக்கிறது. வாயில் விழுந்த இரையை விட்டுவிட்டு, அது தானே திரும்பி வரும் என்று காத்திருக்கப் புலிக்கென்ன பைத்தியமா? அப்போது அவள் சத்தியமே தனக்குத் தாயும் தந்தையும் சுற்றமும் என்கிறாள். மும்மூர்த்திகள் மீதும், சூரிய சந்திரர் மீதும், பூமிதேவி மீதும் ஆணையிடுகிறாள். புலி வழிவிடுகிறது.

இந்த இடத்தைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர். கடன் கொடுப்பவர் நிலப் பத்திரம் கேட்பார், நகை கேட்பார், அதற்கும் மேலே இரண்டு பேரை ஜாமீன் கையெழுத்துக்கு அழைத்துவரச் சொல்வார். உலகம் அப்படித்தான் நடக்கிறது. அதில் தவறும் இல்லை. அர்புதன் எதைப் பிடித்து வைத்துக்கொண்டு புண்யகோடியை அனுப்பியது? ஒன்றுமே இல்லை. பசி காதை அடைக்கும் வேளையில் வெறும் சொல்லை ஏற்றுக்கொண்டு ஓர் உயிரை அனுப்பிய அந்தப் புலியிடமும் ஏதோ ஓர் உயர்வு முன்பே இருந்திருக்கிறது. கதையின் முடிவில் அதற்கு நேரும் மாற்றம் திடீரென முளைத்ததன்று.

தொழுவத்தில் ஒரு மாலை

பசுவின் துணிவு எங்கே இருக்கிறது? புலியின் முன் நின்றபோது என்று பலர் எண்ணுவர். அங்கே அவளுக்கு வேறு வழியே கிடையாது; அகப்பட்ட உயிர் எதுவும் அப்படித்தான் நிற்கும். வீடு திரும்பிய பிறகுதான் அவளுக்கு வழிகள் பல திறக்கின்றன. தொழுவத்துக்குப் படல் உண்டு. காவலுக்குக் காளிங்கன் இருக்கிறான். மந்தையில் மற்றப் பசுக்களும் இருக்கின்றன. குகையிலிருக்கும் புலி வந்து கேட்கப் போவதில்லை. அதோடு நியாயமும் அவள் பக்கமே இருக்கிறது. கொல்ல வந்தவனிடம் உயிருக்கு அஞ்சிக் கொடுத்த வாக்கு எப்படிச் செல்லும்? அச்சுறுத்திப் பெற்ற உடன்பாட்டை, அதற்கு ஆளானவர் விரும்பினால் செல்லாததாக்கிவிடலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. எந்த நீதிமன்றமும் புண்யகோடியைக் குற்றவாளி என்று சொல்லாது.

இந்த வழிகளில் ஒன்றைக்கூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கன்றுக்குப் பாலூட்டிக்கொண்டே செய்தியைச் சொல்கிறாள். இதுவே கடைசிப் பால் என்று தெரிந்ததும் கன்று கலங்குகிறது. இனி யாரிடம் பால் குடிப்பேன், யார் அருகில் படுப்பேன் என்று கேட்கிறது. போகாதே, இங்கேயே இருந்துவிடு என்று கெஞ்சுகிறது.

சத்தியம் காத்தவர்களின் கதைகளில் துன்பம் பெரும்பாலும் காத்தவரையே சேரும். இங்கே அப்படியில்லை. சொன்னவள் தாய், அந்தச் சொல்லுக்காக நாளை பசித்துக் கிடக்கப்போவது கன்று. அரிச்சந்திரன் கதையில் லோகிதாசன் நினைவுக்கு வருகிறான் அல்லவா, அதே வேதனைதான் இதுவும். கன்றின் கேள்விக்குப் புண்யகோடி பதில் சொல்லித் தேற்றிவிட்டாள் என்று பாட்டு பாடவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. வாக்கை மீறுவதற்கில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்கிறாள்.

மற்றப் பசுக்களின் பக்கம் திரும்புகிறாள். அவர்களைத் தாயே என்றும் உடன்பிறந்தவளே என்றும் உறவு சொல்லி அழைக்கிறாள். தாயில்லாத இந்தக் கன்று உங்கள் முன்னால் வந்தால் முட்டிவிடாதீர்கள், பின்னால் வந்தால் உதைத்துவிடாதீர்கள், உங்களுடைய கன்றாகவே எண்ணுங்கள் என்று வேண்டிக்கொள்கிறாள்.

மாடு வளர்த்த குடும்பங்களுக்கு இந்த வேண்டுகோளின் கூர்மை தெரியும். தாயற்ற கன்று பால் வாசனை தேடி வேறொரு பசுவின் மடியை நாடிப் போகும். பெரும்பாலான பசுக்கள் அதைக் கொம்பால் தள்ளும், காலால் உதைக்கும். தன் கன்றுக்கு நாளை என்ன நேரும் என்று அந்தத் தாய் கண்ணால் கண்டவள் போல அறிந்திருக்கிறாள். பால் கொடுங்கள் என்றுகூட அவள் கேட்கத் துணியவில்லை. அடிக்காமல் இருங்கள் என்பதே அவளுடைய வேண்டுகோள். உயில் எழுதுவோர் வீட்டையும் நகையையும் பிரித்து எழுதுவதுண்டு. நம் பிள்ளையிடம் நாலு நல்ல வார்த்தை பேசுங்கள் என்று எந்த உயிலிலும் எழுத முடிவதில்லை. பாட்டின் இந்தப் பகுதி வரும்போது முதியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதில் வியப்பில்லை.

கன்னட எழுத்தாளர் எஸ்.எல். பைரப்பா 1968இல் எழுதிய நாவல் ஒன்றுக்கு, தாய் கன்றைப் பார்த்து 'அனாதையானாயே மகனே' என்று கலங்கும் பொருளுடைய சொற்களையே இந்தப் பாட்டிலிருந்து எடுத்துத் தலைப்பாக வைத்தார். 1977இல் அது திரைப்படமாகவும் வந்தது. பாட்டு முழுவதிலும் அவர் மனத்தைத் தைத்த இடம் குகை வாயில் அன்று, தொழுவம்தான் என்பது கவனிக்கத் தக்கது.

அதன் பின் குகைக்காட்சி சுருக்கமாக முடிந்துவிடுகிறது. திரும்பி வந்த பசு, இதோ என் தசையும் இரத்தமும், உண்டு பசியாறு என்று நிற்கிறது. புலி கண்ணீர் விடுகிறது. உடன்பிறந்த அக்காளைக் கொன்று எதைப் பெறப்போகிறேன் என்று சொல்லித் துள்ளி விழுந்து தன்னுயிரை விட்டுவிடுகிறது.

புலி யார்?

இதே கதை பாரத நாடெங்கும் வெவ்வேறு உருவில் வழங்குகிறது. எல்லாவற்றிலும் பசு ஒன்றுதான், மாறுவதெல்லாம் புலி.

பத்ம புராணத்தில் நந்தை என்ற பசுவின் வரலாறு வருகிறது. அங்கே புலியாக இருப்பவன் பிரபஞ்சனன் என்ற அரசன். வேட்டைக்குச் சென்ற அவன், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மானை அம்பெய்து வீழ்த்திவிடுகிறான். அந்த மான் இட்ட சாபத்தால் நூறாண்டு புலியாகத் திரிகிறான். கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வந்த நந்தையின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவன் சாபம் நீங்குகிறது. பாலூட்டும் தாயைக் கொன்றவனுக்குப் பாலூட்டிவிட்டு வந்த தாயாலேயே விமோசனம் என்பது புராணம் வைத்த கணக்கு.

வடக்கே அந்தப் பசுவுக்குப் பகுளா என்று பெயர். விரஜ பூமியின் பன்னிரண்டு வனங்களுள் ஒன்றான பகுளாவனம் அவள் பெயரையே தாங்கி நிற்கிறது. குஜராத்தில் கோகுலாஷ்டமிக்குச் சில நாள் முன்னதாக வரும் தேய்பிறைச் சதுர்த்தியில் பெண்கள் பசுவையும் கன்றையும் பூசித்து நோன்பிருப்பர். அன்று பசும்பாலையோ தயிரையோ அவர்கள் தொடுவதில்லை. அன்றைய பால் முழுவதும் கன்றுக்கே உரியது. தாயின் சத்தியத்தைப் போற்றும் நோன்பில் கன்றின் வயிற்றை மறவாதிருந்த அந்தப் பெண்களின் மனம் வணங்கத் தக்கது.

தமிழகத்தில் இக்கதை புதுக்கோட்டையில் கோயில் கொண்டிருக்கிறது. இந்திர சபைக்குத் தாமதமாக வந்ததால் சபிக்கப்பட்ட காமதேனு, மண்ணில் சாதாரணப் பசுவாகப் பிறந்து, தன் காதுகளில் கங்கை நீரைக் கொண்டுவந்து மகிழவனத்து இறைவனுக்கு நாள்தோறும் அபிஷேகம் செய்தது. பசுவின் காது என்னும் பொருளுடைய கோகர்ணம் என்ற பெயர் அதனாலேயே அத்தலத்துக்கு ஏற்பட்டது. அரைக்காசு அம்மன் என்று அன்பர்கள் அழைக்கும் பிரகதாம்பாள் உறையும் திருக்கோகர்ணமே அது. ஒருநாள் வழியில் ஒரு வேங்கை மறித்தது. பூசையை முடித்து, கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருவதாகச் சொல்லிச் சென்ற பசு, சொன்னபடியே வந்து நின்றது. வேங்கையாக வந்தவர் சிவபெருமான். அவர் உமையவளோடு காட்சி தந்த இடம் அருகிலுள்ள திருவேங்கைவாசல். அங்கே சுவாமியின் திருநாமமே வியாக்ரபுரீஸ்வரர். புலியூர் நாதர் என்று பொருள். திருக்கோகர்ணம் செல்லும் அன்பர்களில் பலர் திருவேங்கைவாசலைத் தரிசிக்காமலே திரும்பிவிடுகின்றனர். பசு நடந்த வழி இரு கோயில்களையும் சேர்த்தது என்பதை நினைவிற்கொண்டால் ஒன்றோடு நிறுத்த மனம் வராது.

பசுவின் இடத்தில் ஒரு பாணரை வைத்துப் பார்த்தால் அது கைசிக மகாத்மியம். வராக புராணத்தில் உள்ள இந்த வரலாறு திருக்குறுங்குடியில் நிகழ்ந்ததாகப் போற்றப்படுகிறது. நம்பாடுவான் யாழுடன் நம்பியைப் பாடச் செல்லும் வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டு வந்து உனக்கு உணவாகிறேன் என்று பதினெட்டுச் சத்தியங்கள் செய்து விடைபெறுகிறார் அவர். பாடி முடித்துத் திரும்பும்போது நம்பியே முதியவர் வடிவில் எதிரே வந்து, உயிருக்கு ஆபத்து என்றால் ராட்சசனிடம் சொன்ன சொல்லைக் காக்கத் தேவையில்லை, வேறு வழியாகப் போய்விடு என்கிறார். மேலே சொன்ன ஒப்பந்தச் சட்டத்தின் வாதம் இங்கே பகவான் வாயிலாகவே வருகிறது! அதையும் கேளாமல் நடந்தார் நம்பாடுவான். கடைசியில் அவர் பாடிய கைசிகப் பண்ணின் பலனைப் பெற்று ராட்சசன் நற்கதி அடைந்தான். கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசி இரவில் திருக்குறுங்குடியில் இது நாடகமாக நடிக்கப்படுவதையும், திருவரங்கம் முதலான திவ்வியதேசங்களில் கைசிக புராணம் வாசிக்கப்படுவதையும் கேட்டு இன்புற்ற அன்பர்கள் பலர் இருப்பர்.

ஆக, மறித்து நிற்பவர் ஓரிடத்தில் சாபம் பெற்ற அரசன், ஓரிடத்தில் சிவபெருமான், ஓரிடத்தில் யாகத்தில் பிழை செய்து ராட்சசனான அந்தணன். மூன்று கதைகளிலும் திரைக்குப் பின்னால் வேறொருவர் இருக்கிறார். கன்னடப் பாட்டில் மட்டும் புலி வெறும் புலி. அதற்கு முற்பிறப்புக் கதை இல்லை. சாபமும் இல்லை. வேடம் கலைந்து வெளிப்படும் தெய்வமும் இல்லை. பசி மட்டுமே உண்டு. இந்தக் கதையின் ஆழம் நாட்டுப்பாட்டில்தான் கூடுதலாக இருக்கிறது என்று சொன்னால் புராணத்துக்கு அது குறையாகாது. சாபம் நீங்கியதால் மனம் மாறினான் என்றால் அங்கே சாபம் பேசுகிறது. இறைவனே சோதித்தார் என்றால் பசுவுக்கு உண்மையில் ஆபத்தே இல்லை. அர்புதனோ தன் கண்ணால் ஒன்றைக் கண்டு, தானாகவே மாறிய விலங்கு.

அப்படியானால் அந்தப் புலி ஏன் சாக வேண்டும்? இந்தப் பாட்டைக் கேட்கும் குழந்தைகள் தவறாமல் கேட்கும் கேள்வி இதுதான். பெரியவர்களுக்கே விடை எளிதன்று. புலி என்பது மனத்திலுள்ள ஆசை, பசு ஆன்மா, ஆன்மாவின் சத்தியத்தின் முன் ஆசை மடிகிறது என்று உபந்நியாசங்களில் தத்துவம் சொல்வதுண்டு. கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விளக்கத்தில் கன்றுக்கு எந்த இடமும் இல்லை. முட்டாதீர்கள், உதைக்காதீர்கள் என்ற வேண்டுகோளுக்கும் இடமில்லை. பாட்டின் உயிரான பகுதியை வெளியே நிறுத்தும் தத்துவத்தை முழு விளக்கமாக ஏற்பது கடினம். மற்றொரு சாரார், கொல்லத் துணிந்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்பர். பசித்த புலி இரை தேடுவது பாவமாகுமா? அது புலியின் இயல்பல்லவா?

பாட்டையே கேட்டால் வேறொன்று தோன்றுகிறது. புலி புல் தின்ன முடியாது. இதுவரை இரை என்று கண்டதை இப்போது அக்காள் என்று கண்டுவிட்டது. ஒரு பசுவை அக்காள் என்று சொன்ன வாய், நாளை வேறொரு கன்றின் தாயை எப்படிக் கவ்வும்? இனிமேல் அதற்கு உணவென்று இந்த உலகில் எதுவும் இல்லை. பசு தன் சொல்லை மீற முடியாதது போலவே, புலியும் தான் சொன்ன அந்த ஓர் உறவுச் சொல்லை மீற முடியாமல் போயிற்று. தொழுவத்தில் மற்றப் பசுக்களை உடன்பிறந்தவளே என்று அழைத்துத் தாய் கேட்ட கருணை, கேளாமலேயே குகையிலிருந்து கிடைத்தது.

2020இல் இந்தக் கதை சமஸ்கிருதத்தில் அசைவூட்டத் திரைப்படமாக வெளிவந்தது, இசையமைத்தவர் இளையராஜா. பேரக்குழந்தைகளுக்குக் கதை சொல்ல விரும்பும் தாத்தா பாட்டிகள் அதைக் காட்டலாம். ஆயினும் விளக்கை அணைத்துவிட்டு வாயால் சொல்லும்போது, பசு தொழுவத்துக்குத் திரும்பும் இடத்தில் குழந்தை மடிக்கு நெருங்கி வருமே, அது படத்தில் கிடைக்காது.

பாட்டு புலியின் மரணத்தோடு முடிவதில்லை. புண்யகோடி வீடு திரும்புகிறாள். கன்று மறுபடியும் மடியை முட்டிப் பால் குடிக்கிறது. பின்பு அவள் காளிங்கனை அழைத்து ஒன்று கேட்கிறாள். தனக்கென்று எதையும் கேட்கவில்லை. என் வம்சத்துப் பசுக்களும் உன் வம்சத்து இடையர்களும் ஆண்டுதோறும் சங்கராந்தியன்று கிருஷ்ணனைத் துதிக்க வேண்டும் என்கிறாள். தமிழகத்தில் மாட்டுப் பொங்கல் வரும் அதே நாள்களில், கன்னட நாட்டு ஊர்களில் மாடுகளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கொம்புக்கு வண்ணம் தீட்டி, கழுத்தில் மாலையும் மணியும் கட்டுகின்றனர். அந்தி மயங்கும் நேரத்தில் ஊர் நடுவே வைக்கோலைப் பரப்பித் தீமூட்டுகின்றனர். பசுக்களும் காளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தத் தீயைத் தாண்டி வருகின்றன. தாய்க்குப் பின்னால் கன்றுகளும்.